சயனைடுமலையின் கண்ணியம்

தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறுகிறவர்கள் வேந்தன் இருக்கும் சீட்டைப் பார்த்ததும் அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார்கள். அவன்மேல் கோபம் ஒன்றும் கிடையாது; இடம் இருக்காது, அவ்வளவுதான். நூற்று நாற்பத்திரண்டு கிலோ. பெங்களூரில் ஒரு குடோனில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஏற்றி இறக்குகிற வேலை. போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். ஆயுளில் பாதியை ரயிலிலேயே தின்று தூங்கித் தீர்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. ஓர் அரசாங்க இலாகாவில், விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில், உள்ளூரிலேயே ஒரு வேலை காலியாக இருந்தது. அந்த விளையாட்டுப் பட்டியலில் எந்தப் புண்ணியவானோ சுமோ மல்யுத்தத்தையும் சேர்த்திருந்தான். கேட்டது ஒரே ஒரு காகிதம்: 'இவர் எங்கள் சங்கத்தின் முதல் பதவி மல்லர்' என்று சான்றிதழ். இருபத்தெட்டு வயது முடிவதற்குள் கொடுக்க வேண்டும். வேந்தனுக்கு ஆகஸ்டில் இருபத்தெட்டு முடிகிறது.

சான்றிதழ் கொடுக்கும் உரிமை அகிலத் தங்கவயல் சுமோ மகா சங்கத்துக்கு மட்டுமே உண்டு. அதன் தலைவர் சுந்தரராஜ், ஊரின் தங்கச்சுரங்கம் மூடியபிறகு பழைய இரும்பை ஏலத்தில் எடுத்து விற்றுப் பெரிய மனிதர் ஆனவர். ஏழு நாள் டூர் ஒன்றில் ஜப்பான் போனார். ஒரு மத்தியானம் சுமோ பார்த்தார். மல்லர்களை அவர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. முன்வரிசை மெத்தையில் கைகட்டி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர்களைத்தான் கண்ணெடுக்காமல் பார்த்தார். திரும்பி வந்த அடுத்த வாரம் சங்கம் பிறந்தது, மெத்தையும் தைத்தாயிற்று.

செயலாளர் ரோனி. ஜெராக்ஸ் கடைக்காரர். இன்டர்நெட்டில் கிடைத்த நூற்றுப் பதினெட்டுப் பக்க ஜப்பானிய விதிப்புத்தகத்தைப் போனிலேயே மொழிபெயர்த்து, 'ஜப்பான்' வந்த இடத்தில் எல்லாம் 'தங்கவயல்' என்று மாற்றி, அட்டை போட்டுக் கொடுத்துவிட்டார். தலைவரும் செயலாளரும் ஒரு வரிகூடப் படிக்காமல் நூற்றுப் பதினெட்டுப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்தார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கு நம் ஊரில் சங்கம் நடத்த என்ன யோக்கியதை இருக்கிறது?

சங்கத்தில் மல்லர்கள் இரண்டே பேர். வேந்தன் ஒருவன். இன்னொருவன் பால் டெம்போ ஓட்டுகிற ஃப்ரெடி. முப்பத்தைந்து வயது, நூற்றுப் பத்துக் கிலோ, நல்லவன். ஜப்பானில் மல்லர்களுக்கு மலை என்றும் கடல் என்றும் முடிகிற பட்டப்பெயர் வைப்பார்களாம். தங்கவயலில் மலை என்று சொல்லிக்கொள்ள இருப்பது சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேடு. கடலுக்கு பேத்தமங்களா ஏரியை விட்டால் வேறு போக்கில்லை. ஆகவே வேந்தன் 'சயனைடுமலை' ஆனான், ஃப்ரெடி 'பேத்தமங்களக்கடல்' ஆனான்.

"சார், சயனைடுன்னா விஷமாச்சே சார்" என்றான் வேந்தன்.

"பேரைக் கேட்டதும் எதிரி நடுங்க வேண்டாமா?" என்றார் தலைவர்.

எதிரியான ஃப்ரெடி பக்கத்தில் நின்று வடை தின்றுகொண்டிருந்தான்.

விதிப்படி ஒவ்வொரு பந்தயமும் பதினைந்து நாள். இருப்பது இரண்டு பேர் என்பதால் பதினைந்து நாளும் அதே இருவர் மோதினார்கள். கும்பிடு, கால் தூக்கி மிதி, உப்பு அள்ளி வீசு, மறுபடி கும்பிடு என்று சடங்கு நாற்பது நிமிடம் நடக்கும். சண்டை, ஒருவன் விழுந்தாலோ வட்டத்தை விட்டு வெளியே போனாலோ, நாலு வினாடியில் முடிந்துவிடும். வேந்தனுக்குக் காய்ச்சல் அடித்த நாட்களில் மட்டும் ஃப்ரெடி ஜெயிப்பான். இப்படியே ஜெயித்து ஜெயித்து வேந்தன் இரண்டாவது பதவியான ஒசேக்கி வரைக்கும் வந்துவிட்டான்; தோற்றுத் தோற்று ஃப்ரெடிக்குப் பதவியே கிடைக்கவில்லை. மேலே இருப்பது யோகோசுனா என்ற முதல் பதவி ஒன்றுதான். அதற்கு ஜெயித்தால் மட்டும் போதாது, கண்ணியம் வேண்டும். கண்ணியத்தை அளக்க ஒரு கண்ணியக் குழு. குழுவில் தலைவர், செயலாளர், தலைவரின் மச்சினர் என்று மூன்று பேர்.

முதல் நோட்டீஸ், ஜெயித்ததும் சிரித்ததற்காக வந்தது. 'ஒசேக்கியின் பல் தெரிந்தது' என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது, ராபர்ட்சன்பேட்டையில் நின்றுகொண்டு பானிபூரி தின்றதற்காக. உட்கார்ந்து தின்றிருந்தால் குற்றமில்லையாம். மூன்றாவது, காலையில் ரயிலைப் பிடிக்க ஓடியதற்காக.

"ஒசேக்கி ஓட மாட்டார். உலகம்தான் அவருக்காக நிற்கும்" என்று தலைவர் விளக்கினார்.

"ரயிலு நிக்காது சார். ஒரு நிமிசம்தான்."

"இப்படிப் பதில் பேசுவதும் கண்ணியக் குறைவு. ரோனி, இதையும் எழுதிக்கொள்."

சங்கத்தில் ஏற்கெனவே, காகிதத்தில் மட்டும், ஒரு யோகோசுனா இருந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலைவரின் அக்கா மகன் ரூபேஷ். ஐம்பத்தெட்டுக் கிலோ. போட்டோவுக்காக ஒரே ஒரு முறை மண்மேடையில் ஏறினான், அதுவும் செருப்போடு. அவனுடைய கண்ணியத்தைக் குழு மூன்று நிமிடத்தில் அளந்து முடித்துவிட்டது. அந்தச் சான்றிதழைக் கொடுத்து அவன் அதே இலாகாவில் போன வருஷமே வேலைக்குச் சேர்ந்து, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தான்.

வேந்தன் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டான். காரியம் ஆக வேண்டுமே.

பிப்ரவரிப் பந்தயம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. கடைசி நாள். ஃப்ரெடியின் தலை தவறுதலாக வேந்தனின் மூக்கில் இடித்து ரத்தம் கொட்டியது. அப்படியும் வேந்தன் அவனைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, மேடை நடுவில் தள்ளாடி நின்றான். கூட்டத்தில் இருந்த அவன் அம்மா சுலோச்சனா யோசிக்கவே இல்லை. கையில் இருந்த துண்டோடு மேடையில் ஏறி, பிள்ளையின் தலையைப் பிடித்து மூக்கை அழுத்தினாள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "பெண்கள் மேடையை விட்டு இறங்கவும். பெண்கள் மேடையில் ஏறக் கூடாது. உடனே இறங்கவும்."

அந்த மேடையைக் கட்டியது யார் என்று கேட்டால் சிரிப்பீர்கள். பேத்தமங்களா ஏரி வண்டலை லாரியில் கொண்டுவந்து கொட்டியபோது, அதைக் கூடையில் சுமந்து, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் பதினொரு நாள் இடித்து இறுக்கியது எட்டுப் பெண்கள். அதில் சுலோச்சனாவும் ஒருத்தி. கட்டும்போது ஏறலாம். கட்டி முடித்தபிறகுதான் புனிதம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அவள் இறங்கினாள். அதோடு விட்டிருந்தால்கூட இந்தக் கதை இல்லை. ரோனி இரண்டு கிலோ உப்புப் பாக்கெட்டைக் கிழித்து, அவள் நின்ற இடத்தில், கால் பட்ட தடம் தடமாகப் பார்த்துத் தூவினார். "மேடை சுத்தி செய்யப்படுகிறது, அமைதி காக்கவும்" என்று தலைவர் மைக்கில் அறிவித்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சுலோச்சனா ரத்தத் துண்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கீழே நின்றாள்.

வீட்டில் அவள் அழவில்லை. புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எங்க தாத்தா காலத்துல நாம நின்ன எடத்துல சாணித் தண்ணி தெளிப்பாங்களாம். அத்த வேணான்னுதான் ஊர வுட்டு மைன்ஸுக்கு வந்தாங்க. இவங்க பிளேன் ஏறி ஜப்பான் போயி உப்பு கத்துகினு வந்துகீறாங்க" என்றாள்.

வேந்தன் விருட்டென்று எழுந்தான். "நாளைக்கே போயி அந்த ஆள..."

"ஒண்ணும் வாணாம். நீ மொதல்ல வேலைய வாங்கு. என்னால தெனம் காலைல நாலு மணிக்கு எழுந்து உனக்குச் சோறு கட்ட முடியல" என்றாள் அம்மா.

அதிலிருந்து இரண்டு வாரம் கழித்துக் குழுவின் கடிதம் வந்தது. 'தாயாரின் பாதம் மேடையில் பட்டது மல்லரின் கண்ணியத்தைப் பாதித்துள்ளது. யோகோசுனா பதவி ஓராண்டுக்கு ஒத்திவைக்கப்படுகிறது.' ஓராண்டு கழித்து அவனுக்கு இருபத்தொன்பது நடக்கும்.

அந்தக் கடிதத்தை ரயிலில் எதிர் சீட்டு அமலாவிடம் காட்டினான். பெங்களூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாகப் பன்னிரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள்.

"விதிப் புக்கு வச்சிகீறியா?" என்றாள்.

மல்லர்கள் ஆளுக்கொரு பிரதி வாங்கியே ஆக வேண்டும் என்பதால் அவனிடம் இருந்தது. ரயிலில் வேறு வேலை என்ன? அமலா பக்கம் பக்கமாகப் படித்தாள். நாலாம் நாள், டேக்கல் ஸ்டேஷனைத் தாண்டும்போது, "டேய் மச்சா" என்று கத்தினாள். மேல் பர்த்தில் தூங்கியவன் எழுந்துவிட்டான்.

விதி நாற்பத்தொன்று: 'சங்கத்தின் தலைவர், செயலாளர் ஆகியோர், பதவியுள்ள மல்லர் ஒருவரைக் கச்சை மட்டும் அணிந்து மேடையில் ஒரு முறையேனும் வென்று, பின் ஓய்வு பெற்றவராக இருத்தல் வேண்டும். பிறர் இடும் கையொப்பம் ஆதிமுதல் செல்லாது.'

"ஜப்பான்ல சங்கத்த நடத்தறதே ரிடையர் ஆன பயில்வாங்கதான் போலகீது. இந்தப் புண்ணியவாங்க அத்தப் பட்சே பாக்காம பேர மட்டும் மாத்திக்கினாங்க" என்றாள் அமலா. "அப்ப ரூபேஷு சர்டிபிகேட்ல கீற கையெழுத்து?"

"செல்லாதா?"

"ஆதிமுதல் செல்லாது. அடுத்த பக்கத்துலயும் ஒண்ணு கீது. அது இப்ப உனக்கு வாணாம்."

ஏப்ரலில் அமலா டைப் செய்த மனு இலாகாவுக்குப் போயிற்று. இலாகா சங்கத்துக்குக் கடிதம் எழுதியது: கையொப்பமிட்டவர்கள் ஆறு மாதத்துக்குள் விதி நாற்பத்தொன்றின் தகுதியைப் பெற்றுவிட்டால், பழைய கையொப்பங்கள் போட்ட நாளிலிருந்தே செல்லும் எனக் கருதப்படும், தவறினால் ரூபேஷின் நியமனம் ரத்து.

கண்ணியக் குழு கூடியது. வேந்தனையும் கூப்பிட்டனுப்பினார்கள். முதல் முறையாக அவனுக்கு நாற்காலியும் டீயும் கிடைத்தன. நாற்காலி தாங்கவில்லை, பெஞ்சுக்கு மாறினான்.

தலைவர் எழுந்து நின்று பேசினார். "அன்பு ஒசேக்கி அவர்களே! வெற்றி என்பது மிருகங்களுக்கும் உண்டு. தோல்விதான் மனிதனை உயர்த்துகிறது. தோற்கத் தெரிந்தவனே கண்ணியவான். இந்தச் சங்கத்தில் இதுவரை நானோ செயலாளரோ ஒரு முறைகூடத் தோற்றதில்லை. ஏனென்றால் நாங்கள் மேடையில் ஏறியதே இல்லை. அந்தப் பெருமையைத் தியாகம் செய்துவிட்டு உங்களுக்காக ஏறுகிறோம். நீங்கள் எங்களிடம் ஆளுக்கு ஒரு முறை விழ வேண்டும். அன்று மாலையே யோகோசுனா சான்றிதழ் உங்கள் கையில்."

"இது கள்ள ஆட்டம் இல்லீங்களா சார்?"

"கள்ள ஆட்டம் என்பது பணம் வாங்கிக்கொண்டு தோற்பது. நீங்கள் இலவசமாகத் தோற்கிறீர்கள். இதைவிடத் தூய்மை வேறு என்ன?"

செயலாளர் ரோனி, பேன்ட் போட்டுக்கொண்டு மோதலாமா என்று சந்தேகம் கேட்டார். விதியில் 'கச்சை மட்டும்' என்று இருந்தது. அவருடைய கையெழுத்துதான் அடியில் இருந்தது.

வேந்தன் வீட்டில் வந்து சொன்னான். "உயுந்துட்டுப் போ. கீய உயுந்தா எழுந்துக்கலாம். வயசு போச்சுன்னா வராது" என்றாள் அம்மா. அவனும் விழுந்துவிடுவது என்றே முடிவு செய்தான். பொய் சொல்லவில்லை, மே மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடை ஏறும்போது விழுவதற்காகத்தான் ஏறினான்.

ஊர் திரண்டிருந்தது. தங்கச்சுரங்கம் ஓடிய காலத்தில்கூட அவ்வளவு கூட்டம் கூடியிருக்காது. தலைவர் கச்சையோடு வந்து நின்றார். அவரைச் சஃபாரி சூட்டிலேயே பார்த்துப் பழகிய ஜனங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆள் யார் என்று புரியவில்லை. வயிறு தனியாகவும் அவர் தனியாகவும் மூச்சு விட்டார்கள். வீடியோ எடுக்க இலாகாவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். சுலோச்சனா கயிற்றுக்கு வெளியே, பத்தடி தள்ளி, அமலாவோடு நின்றிருந்தாள்.

நாற்பது நிமிடம் சடங்கு நடந்தது. இருவரும் எதிரெதிரே குனிந்தார்கள். வேந்தன் எந்தப் பக்கம் விழுந்தால் அடி குறைவாகப் படும் என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

தலைவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். சில பேருக்கு அது முடியாது. ஜெயிக்கப் போகிற சந்தோஷத்தில் மெல்லிய குரலில் சொன்னார். "சர்டிபிகேட் குடுக்கறப்ப உங்கம்மா வந்து போட்டோ எடுத்துக்கட்டும்பா. மேடைய தொடாம ரெண்டடி தள்ளி நிக்கச் சொல்லு. மறுபடி உப்புக்குத் தண்டச் செலவு பண்ண முடியாது."

நடுவர் கையை இறக்கினார்.

வேந்தன் அடிக்கவில்லை. இரண்டு கையைக்கூடப் பயன்படுத்தவில்லை. குடோனில் ஃப்ரிட்ஜை நகர்த்துகிற மாதிரி வலது உள்ளங்கையைத் தலைவரின் மார்பில் வைத்துத் தள்ளினான். தலைவர் பின்னால் நடந்தார், அப்புறம் ஓடினார், அப்புறம் மேடை முடிந்துவிட்டது. கண்ணியக் குழுவுக்கென்று போட்டிருந்த மெத்தைமேல், மச்சினரின் மடியில், கால் மேலாகப் போய் உட்கார்ந்தார். ஒரு வினாடிகூட ஆகவில்லை. அடுத்து ஏற வேண்டிய ரோனி இதைப் பார்த்ததும் கச்சையோடு திரும்பி, மார்க்கெட் வழியாக ஜெராக்ஸ் கடை வரைக்கும் ஓடினார். அவரை ஓடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஜனங்கள் போட்ட கூச்சலில் மைக் கத்தியதே கேட்கவில்லை. வேந்தன் மட்டும் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேலை போயிற்று. ஒரு கையால் தானே தள்ளிவிட்டான். அம்மாவைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் அமலா கயிற்றைத் தாண்டி வந்தாள். விதிப்புத்தகத்தை இலாகாக்காரரின் வீடியோவுக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தாள். விதி நாற்பத்திரண்டு: தகுதியுள்ள நிர்வாகிகள் இல்லாதபோது, மேடையில் வென்று ஓய்வு பெற்ற மல்லர்களில் மூத்தவரே தலைவர் ஆவார்.

"பதவியுள்ள ஒசேக்கிய, காய்ச்சல்ல இருந்தப்பன்னாலும், மேடையில ஜெயிச்சவன் இந்த ஊர்ல ஒர்த்தன்தான் கீறான்" என்றாள். "ஃப்ரெடி, இன்னாத்துக்கு நிக்கிற? ரிடையர் ஆவுடா!"

ஃப்ரெடி திருதிருவென்று விழித்தான். அப்புறம் மேடையில் ஏறி, "நா ரிடையர் ஆயிட்டேன்" என்றான். சங்கத்தின் வரலாற்றில் இத்தனை சின்ன தலைமையுரை அதற்கு முன் நிகழ்ந்ததில்லை. அன்று மாலையே பால் டெம்போவின் பானெட்மேல் காகிதத்தை வைத்து, சயனைடுமலையை யோகோசுனா ஆக்கிக் கையெழுத்துப் போட்டான். மேடையை இடித்துக் கட்டியவர்கள் எப்போது வேண்டுமானாலும் அதில் ஏறலாம், உட்காரலாம், முறுக்குப் பிழியலாம் என்று ஒரு தீர்மானமும் போட்டான்.

ஜூலையில் வேந்தன் வேலைக்குச் சேர்ந்தான். காலை ஏழு மணி வரை தூங்கினான்.

சுந்தரராஜுக்கு ஆறு மாதக் கெடு ஓடிக்கொண்டிருந்தது. ரூபேஷுக்கு ஃப்ரெடியிடம் புதுச் சான்றிதழ் கேட்டுப் பார்த்தார். "அவன் மல்லுக் கட்டி நா பாத்ததே இல்லியே சார்" என்றான் ஃப்ரெடி. பதவியுள்ள மல்லர் ஒருவரை ஜெயிப்பது ஒன்றே வழி. ரோனி மறுபடி கச்சை கட்ட மாட்டேன் என்றுவிட்டதால், தன் கையெழுத்தையாவது செல்லவைத்து இலாகாவிடம் மன்றாடிப் பார்க்கலாம் என்று நினைத்தார். மிச்சமிருக்கிற மல்லர் வேந்தன் ஒருவன்தான். வேறு வழியில்லாமல் சுந்தரராஜ் கடைநிலைப் பயிற்சி மல்லராகப் பெயர் கொடுத்தார். கடைநிலை மல்லர் விடியற்காலையில் மேடையைப் பெருக்க வேண்டும், யோகோசுனாவுக்குச் சமைக்க வேண்டும், முதுகு தேய்த்துவிட வேண்டும் என்று எழுபத்தேழாம் பக்கத்தில் இருந்தது. ஞாயிறுதோறும் ஐந்து மணிக்கு வந்து எல்லாவற்றையும் செய்துவிட்டு, வேந்தனோடு மோதி, விழுந்துவிட்டு வீட்டுக்குப் போனார். வேந்தன் அவரைக் கேலி செய்ததில்லை. உம்மென்ற முகத்தோடு, பல் தெரியாமல், முறைப்படி கும்பிட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் தள்ளினான்.

அக்டோபரில் கெடுவின் கடைசி ஞாயிறு. பதினொரு கிலோ இளைத்திருந்த சுந்தரராஜ், மோதுவதற்கு முன்னால் கைகூப்பினார்.

"தம்பி, ஒரே ஒரு தடவ. எனக்கில்ல, எங்க அக்கா புள்ளைக்கு. அவனுக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணிகீறோம்பா."

மேடையின் ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த சுலோச்சனாவுக்கே கேட்கப் பொறுக்கவில்லை. "பாவம்டா. வயசான மனுசன். நா மறந்துட்டேன்டா அத்த. வுட்டுக்குடு" என்றாள்.

வேந்தன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். "நீ மன்னிச்சிக்கம்மா. உனக்கு மனசு பெருசு. எனக்கு ஒடம்பு மட்டுந்தான் பெருசு."

குனிந்தான். நடுவராக நின்ற ஃப்ரெடி கையை இறக்கினான். சுந்தரராஜ் அன்றைக்கு மூன்று வினாடி தாக்குப்பிடித்தார். முன்னேற்றம்தான், மறுக்க முடியாது. மறுநாள் ரூபேஷ் தன் அடையாள அட்டையை இலாகாவில் ஒப்படைத்துவிட்டு, பெங்களூர் வேலைக்குக் காலை ரயிலின் நேரத்தை விசாரித்துக்கொண்டிருந்தான்.

வேந்தன் அந்த ஞாயிறு மத்தியானம் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டான். அம்மா கோபத்தோடு காலித் தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போனாள். அவன் பாயை விரித்துப் படுத்து, பொழுது சாயும் வரை நன்றாகத் தூங்கினான்.